கூரைக்கு அளவெடுத்த தையல்காரர்

ஏப்ரல் 4

கட்டடங்களுக்கு நாடி பிடித்துப் பார்க்கும் என் அருமை மருமகளுக்கு,

நான்கு தெருவுக்குச் சட்டையும் கால்சட்டையும் கவுனும் வழங்கி மானம் காத்துவரும் உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம். என் தையல் மெஷின் நலம். கூரை நலமா என்பதில்தான் குடும்பம் இரண்டுபட்டு நிற்கிறது.

போனில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்கிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. ஆகவே வரலாறு முழுவதையும் ஒழுங்காகக் கேள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா வந்தாள். தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் வீட்டின் முகடு நேர்கோடாகப் போகாமல் நடுவில் இறங்கி மறுபடி ஏறுவது தெரியும். குதிரை முதுகு மாதிரி, கொஞ்சம் சேணம் போட்டால் ஏறி உட்காரலாம். எனக்கு அது பழகிய காட்சி. என் அக்காவோ எரிமலையைப் பார்த்த மாதிரி நின்றாள்.

உள்ளே என் தையலறை எப்படி இருக்கும் என்று உனக்கு நினைவிருக்கும். நடுவில் ஒரு மரத்தூண். அதன் தலையில் முகட்டு உத்திரம். ஒரு பக்கம் துணி வெட்டும் மேஜை, மறுபக்கம் மெஷின். தூணை ஒட்டி, வருகிறவர்கள் உட்கார ஒரு நாற்காலி. உன் அம்மா அந்த நாற்காலியைத் தரதரவென்று வாசல்வரை இழுத்துப் போய், பாதி வீட்டிலும் பாதி தெருவிலுமாக உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள், கூரை இறங்கும் சத்தம் கேட்டதும் எழுந்து ஓட வசதியாக. காவல்காரருக்குக் கொடுப்பதுபோல் நான் அங்கேயே டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அதுக்கு அடியில உக்காந்து டீ குடிக்க எனக்கென்ன கிறுக்கா? என்னிக்கு உன் தலையில விழப்போகுதோன்னு ஒவ்வொரு மழைக்கும் நான் தூங்கறதில்லடா" என்றாள்.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஒருவர் கேட்கிறாராம். வீட்டில் பாதி அவளுடையது, பாதி என்னுடையது. இருவரும் கையெழுத்துப் போட்டால் மழைக்கு முன்பே வேலை தொடங்கிவிடுமாம். நான் அவளோடு போய் இருக்கலாமாம். எட்டாவது மாடி. மெஷினைப் பால்கனியில் போட்டுக்கொள்ளலாமாம். எட்டாவது மாடிக்குப் பொத்தான் தைக்க எந்த மனிதர் ஏறி வருவார்? பருந்துதான் வரும். பருந்துக்குச் சட்டை தைத்து எனக்குப் பழக்கமில்லை.

மூன்று கோப்பை டீ நீடித்த போருக்குப் பின் உடன்படிக்கை ஏற்பட்டது. பழைய கட்டடங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது உன் வேலை. நீ என்ன சொல்கிறாயோ அதற்கு இருவரும் கட்டுப்படுவோம். ஆகவே, ஆபீஸ் தாளில் ஒரே வரி எழுதி அனுப்பு: இந்தக் கூரை சூரியன் அணையும்வரை நிற்கும்.

இப்படிக்கு,
கூரையின் நிழலில் வாழும்
மாமா


ஏப்ரல் 11

மாமாவுக்கு,

சூரியன் அணையும்வரை என்று எந்தக் கூரைக்கும் எங்கள் ஆபீஸ் எழுதிக் கொடுப்பதில்லை. எங்கள் சொந்த ஆபீஸ் கூரைக்கே அடுத்த மார்ச்சுவரைதான் எழுதியிருக்கிறோம்.

அம்மாவும் உடன்படிக்கையைப் பற்றிச் சொன்னாள். அவள் சொன்னதில் கூரை ஏற்கெனவே பாதி விழுந்திருக்கிறது. நீங்கள் எழுதியதில் அதில் சவாரி செய்யலாம். நடுவில் எங்கேயோ இருக்கும் உண்மையைப் பார்க்க எனக்கு நிஜமாகவே ஆசையாக இருக்கிறது. மழைக்குப் பிறகுதான் லீவு கிடைக்கும். அதுவரை உங்கள் கண்ணும் கையும்தான் எனக்கு.

பழைய கூரை நடுவில் இறங்கினால் பதறத் தேவையில்லை. ஏன் இறங்கியது என்று மட்டும் கேட்க வேண்டும். மரம் பல வருஷம் பாரம் சுமந்தால் மெல்ல வளையும். வளைந்து, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அப்படியென்றால் அது வயதானவர் முதுகு, விட்டுவிடலாம். ஆனால் உத்திரத்தின் ஓரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஈரம் பட்டு உளுத்திருக்கலாம். கரையான் இருக்கலாம். யாராவது பழைய ஓட்டை எடுத்துவிட்டுக் கனமான ஓடு போட்டிருக்கலாம். இரண்டு சரிவும் சேர்ந்து சுவர்களை வெளிப்பக்கம் தள்ளியிருக்கலாம். சுவர் விலகினால் முகடு தானாகக் கீழே வரும். இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்களிடம் இருக்கும் கருவிகளே போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை விடுங்கள், இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா? உத்திரம் நுழையும் இரண்டு சுவரிலும் அதற்குக் கீழே ஒரு ஜாண் விட்டு ஆணி அடித்து, நைலான் நூலை விறைப்பாகக் கட்டுங்கள். தூணை உரசாமல் கொஞ்சம் தள்ளிப் போகட்டும். நடுவில் உத்திரத்துக்கும் நூலுக்கும் எவ்வளவு இடைவெளி என்று குறித்துவையுங்கள். உத்திரம் இறங்கினால் இடைவெளி குறையும். சும்மா நின்றால் மாறாது.

நின்றுவிட்டது என்றால் அம்மாவிடம் பேசுவது என் பொறுப்பு. இறங்கிக்கொண்டிருந்தால் மழைக்கு முன் ஏதாவது செய்தே ஆக வேண்டும். நனைந்த ஓடு காய்ந்த ஓட்டைவிடக் கனம். அதையும் அம்மாவிடம் சொல்வேன். உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன் மாமா. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 18

பொய் சொல்ல மாட்டேன் என்று தாய்மாமனுக்கே எழுதும் நெஞ்சழுத்தக்காரிக்கு,

நீ இட்ட பணிகள் யாவும் நிறைவேறின. பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு கையால் ஏணியையும் மறு கையால் பீடியையும் பிடித்தபடி, "இன்னும் ஒரு படி ஏறுனா நிலாவுக்கே போயிடலாம்ணே" என்று உற்சாகப்படுத்தினார்.

உத்திரத்தின் இரண்டு ஓரத்தையும் கோணி ஊசியால் குத்தினேன். உளுத்திருந்தால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும் என்பதுதானே கணக்கு? ஊசியின் முனை வளைந்து, இது நியாயமா என்று என்னையே திரும்பிப் பார்த்தது. கரையான் இல்லை. அந்த மரத்தை நம்பிப் பிழைக்கும் ஒரே ஜீவன் நான்தான். ஓடு என் அப்பா வீட்டை வாங்கும்போது இருந்த அதே ஓடு; கனம் கூடவில்லை, பாசி மட்டும் கூடியிருக்கிறது. சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கத்தரிக்கோலை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். நூலும் சுவரும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நின்றன. அண்ணன் தம்பி என்று ஏன் எழுதினேன் என்றால், அக்கா தம்பி என்று எழுத இப்போது மனம் வரவில்லை.

நூல் கட்டியாயிற்று. இடைவெளியை அளக்க நான் கண்டுபிடித்த முறையை உன் ஆபீஸ் விலைக்கு வாங்கலாம். சட்டைப் பொத்தான்களை ஊசியில் கோத்து அடுக்கி, உத்திரத்துக்கும் நூலுக்கும் நடுவில் நிமிர்த்திப் பிடித்தேன். ஒன்பது பொத்தான். பத்தாவது நுழையவில்லை.

இதோடு நிற்பானா உன் மாமன்? உன் நூலுக்குத் துணையாக என் சொந்தச் சாட்சி ஒன்றையும் நிறுத்தியிருக்கிறேன். ஒரு நீளமான மரக்குச்சியைத் தரைக்கும் உத்திரத்துக்கும் நடுவில் கச்சிதமாகப் பொருந்தும்படி வெட்டி, தூணை ஒட்டி நிறுத்தினேன். அறையில் ஆள் நிற்க மிச்சமிருக்கும் இடமே அதுதான். உத்திரம் ஒரு மயிரிழை இறங்கினாலும் குச்சி வளையும், முனகும், முறியும். இறங்காதவரை அரண்மனைச் சேவகன் மாதிரி சும்மா நிற்கும்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். சும்மாதான் நிற்கிறது.

மாமா


ஏப்ரல் 25

மாமாவுக்கு,

பொத்தான் அளவை ஆபீசில் காட்டினேன். என் மேலதிகாரி சிரிக்கவில்லை. எந்தச் சட்டையின் பொத்தான் என்று கேட்டார். ஒரே டப்பாவிலிருந்து எடுங்கள், மாற்றாதீர்கள்.

இதுவரை விசாரித்ததில் எல்லாரும் நிரபராதி. ஓரம் உளுக்கவில்லை, சுவர் நகரவில்லை, பாரம் கூடவில்லை. வெறும் முதுமை என்று எழுதிவிடலாம்போல் கை பரபரக்கிறது. அம்மாவிடமும் நல்ல சேதி வரும்போல் இருக்கிறது என்று சொல்லி, மழை தொடங்கும்வரை அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இடிக்கிறது. நடுவில் தூண் இருக்கிறதே. தாங்குவதற்குத் தூண் இருக்கும் இடத்தில் உத்திரம் நிமிர்ந்து நிற்க வேண்டும். தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளம், அந்தப் பக்கம் ஒரு பள்ளம் என்றால் எனக்குப் புரியும், கயிற்றில் துணி காயப்போட்டு நடுவில் கோல் கொடுத்ததுபோல. நீங்களும் அம்மாவும் சொல்வது அப்படி இல்லை. தூண் தாங்குகிற இடமே ஆகப் பள்ளமாக இருக்கிறது. தாங்குகிறவன் இருக்கும் இடத்தில் ஏன் விழுந்தது?

பஸ்ஸில் போகும்போதுகூட இதையே யோசிக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். நூலை வாரம் ஒருமுறை பாருங்கள்.

மருமகள்


மே 16

மருமகளே,

தூண் பிறக்கும்போதே குட்டையாகப் பிறந்திருக்கும். நம் குடும்பத்தில் யார் நெட்டை?

இங்கே வெயில் எப்படி என்றால், நேற்று இஸ்திரிக்காரர் கரி போடாமலே மூன்று சட்டை தேய்த்தார். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, சீருடை குவிந்து கிடக்கிறது. ஒரே அளவில் நாற்பது கால்சட்டை தைத்துவிட்டு வெளியே வந்தால் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் ஒரே உயரமாகத் தெரிகிறார்கள். அம்மா போன் செய்தால் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். நூலில் இப்போது ஆறு பொத்தான்தான் நுழைகிறது. பக்கத்துத் தெருவில் ஒரு பூனை நான்கு குட்டி போட்டு எல்லாவற்றையும் என் துணிக்கட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டது.

நூலைப் பற்றி நீ அலட்டிக்கொள்ளாதே. நைலான்தானே, வெயிலில் தளர்ந்திருக்கும். என் குச்சியைக் கேள். அன்றைக்கு எப்படி நிறுத்தினேனோ அப்படியே நிற்கிறது. விரலால் தட்டினால் அதே சத்தம். வளைவு இல்லை, கீறல் இல்லை. ஒரு பக்கம் தேக்குக் குச்சி, மறுபக்கம் கடையில் வாங்கிய நூல். எந்தச் சாட்சியை நம்புவது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாமா


மே 22

மாமாவுக்கு,

பூனைக்கும் கால்சட்டைக்கும் நடுவில் ஒளித்துவைத்தால் எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா?

நூல் தளர்ந்தால் என்ன ஆகும்? நூல் கீழே தொய்யும். உத்திரத்துக்கும் நூலுக்கும் இடைவெளி கூடும். பத்து, பதினொன்று என்று பொத்தான் அதிகமாக நுழைய வேண்டும். உங்களுக்குக் குறைந்திருக்கிறது. ஆகவே நூல்மேல் பழி போட வழி இல்லை. உத்திரம்தான் இறங்கியிருக்கிறது. ஒரு மாதத்தில் மூன்று பொத்தான். கிழவர் முதுகு இந்த வேகத்தில் வளையாது.

குச்சி ஏன் சும்மா நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்ல முடியும். ஆனால் நகரும் கூரைக்கு அடியில் மழைக்காலத்தில் நீங்கள் உட்கார்ந்து தைப்பதை நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் சந்தோஷப்படவில்லை மாமா, அதையும் எழுத வேண்டும். "அவன் துணிமணி எல்லாம் வைக்கப் பெட்டி வாங்கணும்" என்றாள்.

தயவுசெய்து மெஷினை வாசல் அறைக்கு மாற்றுங்கள்.

மருமகள்


மே 29

பெருமதிப்பிற்குரிய கட்டட ஆய்வாளர் அவர்களின் சமூகத்துக்கு,

தாங்கள் அனுப்பிய தீர்ப்பு கிடைத்தது. பெட்டிகளும் கிடைக்கப்போவதாக அறிகிறேன். பெரிய பெட்டியாக அனுப்பச் சொல்லவும். என்னையும் மடித்து உள்ளே வைத்துவிடலாம்.

மெஷினை மாற்ற முடியாது. வாசல் அறையில் வெளிச்சம் இல்லை, கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியாது. இதெல்லாம் ஆய்வாளர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

கெட்ட நேரம் வந்தால் கூட்டமாக வரும்போல. தபாலாபீஸ் அம்மா நேற்று புதுக் கவுனைத் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போட்டார். கீழ் மடிப்பு வலது பக்கம் இறங்கியிருக்கிறதாம். "ஆபீஸ்ல எல்லாரும், ஏன் ஒரு காலை நொண்டறீங்கன்னு கேக்கறாங்க" என்றார். என் கைக்கு வந்த கவுனா கோணலாகும்? நான் கீழ் மடிப்புக்கு அளவெடுக்கும் அழகைப் பார்க்கவே கூட்டம் வரும். வந்தவர் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். நான் தரையில் அளவுகோலை நட்டு, முழங்காலில் சுற்றிச் சுற்றி வந்து, தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுற்றிலும் சாக்குக்கட்டியால் புள்ளி வைப்பேன். தவறவே தவறாது. கோணல் கவுனில் இல்லை, இடுப்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் இனி என் கடைப் பக்கம் வருவது சந்தேகம். இந்த வருஷம் இப்படிக் கோணல் இடுப்போடு வந்த மூன்றாவது ஆள் இவர். மூன்று பேருக்கும் வலது பக்கம்தான். நாட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறார்களோ.

என் குச்சி இன்னும் நிற்கிறது. அதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
எட்டாவது மாடியின் வருங்காலக் குடித்தனக்காரர்


ஜூன் 2

மாமா, மாமா, மாமா,

கோபத்தைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். மூன்று பேரும் வலது கையால்தான் தூணைப் பிடித்திருந்தார்களா? மூன்று பேருக்கும் இறங்கியது தூண் இருந்த பக்கம்தானே?

அவர்கள் இடுப்பு நேராகத்தான் இருக்கிறது. உங்கள் தரைதான் கோணல்.

தரையிலிருந்து ஒரே உயரத்தில் புள்ளி வைத்தேன் என்கிறீர்கள். தரை தூணைப் பார்த்துச் சரிந்திருந்தால் மடிப்பும் அதே மாதிரி சரியும். உங்கள் வீட்டில் நிற்கும்போது எல்லாம் ஒழுங்காகத் தெரியும். தபாலாபீசில், சமமான தரையில் போய் நின்றால்தான் கோணல் வெளியே வரும். தரை ஏமாற்றும் என்று நீங்கள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. எந்தத் தையல்காரரும் சந்தேகப்பட மாட்டார்.

இப்போது குச்சிக்கு வாருங்கள். அது பொய் சொல்லவில்லை. தரைக்கும் உத்திரத்துக்கும் நடுவில் தூரம் மாறவில்லை என்கிறது. உண்மைதான், மாறவில்லை. நூல் உத்திரம் இறங்கியது என்கிறது. அதுவும் உண்மை. இரண்டும் உண்மை என்றால் ஒரே வழிதான்: தரை, அதன்மேல் தூண், தூணின் தலையில் உத்திரம், எல்லாம் சேர்ந்து இறங்குகின்றன. லிப்டுக்குள் நின்றுகொண்டு கூரை தலையைத் தொடவில்லை, ஆகவே நாம் கீழே போகவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

தூண் இருக்கும் இடமே ஏன் ஆகப் பள்ளம் என்று பஸ்ஸில் மண்டையை உடைத்துக்கொண்டேனே, அதற்கும் இதுதான் பதில். தாங்கவேண்டியவனே கீழே போய்க்கொண்டிருக்கிறான். மேலே எல்லாரையும் விசாரித்தோம், காலடியை விசாரிக்கவில்லை.

உடனே ஒரு காரியம் செய்யுங்கள். பாயைச் சுருட்டிவிட்டு, வெறும் தரையில் ஒரு நூல்கண்டைத் தூணிலிருந்து நாலடி தள்ளி வையுங்கள். தூணின் நான்கு பக்கமும் வைத்துப் பாருங்கள். தூணை நோக்கி உருண்டால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். தோண்டுவதற்கு முன், தூணுக்கு இரண்டு பக்கமும் தள்ளி, கெட்டியான தரையில் பலகை போட்டு, உத்திரத்துக்கு முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். முட்டு இல்லாமல் தூண் பக்கம் கடப்பாரை போகக் கூடாது. அந்தத் தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் ஏதாவது போகிறதா?

அம்மா நாளை அங்கே வருகிறாள், பெட்டிகளோடு. நான் கூப்பிட்டால் அவள் போனை எடுக்கவில்லை.

மருமகள்


ஜூன் 6

என் குலத்தின் விளக்கே,

நான்கு பக்கமும் வைத்தேன். நான்கு பக்கத்திலிருந்தும் நூல்கண்டு தூணிடம் ஓடியது, தாயைக் கண்ட கன்றுக்குட்டி மாதிரி. ஐந்தாவது முறை கையில் எடுப்பதற்குள் தானே கிளம்பிவிட்டது. உன் அம்மா வாசல் நாற்காலியில், பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் புத்தி பேதலித்துவிட்டது என்று அவள் முடிவு செய்ததை முகத்தில் படித்தேன்.

கொத்தனார் வந்தார். கூரையைப் பார்த்ததுமே, "எல்லாத்தையும் பிரிச்சு எறிஞ்சுட்டுத் தளம் போட்டுடலாம் சார்" என்றார். இந்த மனிதருக்குத் தலைவலி வந்தால்கூடத் தளம் போட்டுவிடுவார். உன் கடிதத்தை மூன்று முறை உரக்கப் படித்துக் காட்டினேன். லிப்டு வந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முட்டுக் கொடுத்த பிறகுதான் கடப்பாரையைத் தொட்டார்.

சிமெண்டுத் தரை அப்பளம் மாதிரி உடைந்தது. அதற்குக் கீழே, தூண் நிற்கும் கல்லுக்கு அடியில், மண்ணே இல்லை. வெற்றிடம். ஓர் ஆடு குடும்பத்தோடு குடியிருக்கலாம். ஆடு என்பது என் வழக்கமான கணக்கு. உனக்காகக் குறைத்துச் சொன்னால் என் முழங்கை வரை கை உள்ளே போனது. சமையலறைத் தொட்டியிலிருந்து தெருவுக்குப் போகும் பழைய மண்குழாய் அந்தக் கல்லை ஒட்டிப் போகிறது, நடுவில் விரிசல். நான் கழுவிய ஒவ்வொரு டீக் கோப்பையும் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

கொத்தனாரும் கையை விட்டுப் பார்த்து, வெளியே எடுத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். "பாவம் சார் இது. மேல ஒரு தப்பும் இல்ல" என்றார்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். வந்து குனிந்து குழியைப் பார்த்தாள். திரும்பிப் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். பெட்டிகள் பிரிபடாமல் இருக்கின்றன. இடிக்கச் சம்மதம் கேட்கும் கையெழுத்துத் தாள் கைப்பையில் இருக்கிறது, கைப்பை மடியில் இருக்கிறது.

அடுத்து என்ன செய்ய? வானம் கறுக்கிறது.

மாமா


ஜூன் 10

மாமாவுக்கு,

முழங்கைவரை என்று படித்ததும் அந்த வரியை இன்னொரு முறை படித்தேன். ஆனால் நல்ல சேதி: கண்டுபிடித்த காரணம் சரிசெய்யக்கூடிய காரணம்.

குழாயை வீட்டுக்கு வெளியே சுற்றி எடுத்துப்போகச் சொல்லுங்கள், அதை முதலில். தண்ணீர் வரும் வழி அடைபடாமல் கல்லை மாற்றுவது வீண். பிறகு குழியைக் கெட்டி மண் வரை தோண்டி, கான்கிரீட் போட்டு, இறுகவிட்டு, அதன்மேல் கல். அதுவரை பாரம் முட்டுகள்மேல் இருக்கட்டும்.

உத்திரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கொத்தனாருக்கு ஆசை வரும், நூல் பிடித்த மாதிரி நேராக்கிவிடலாம் என்று. விடாதீர்கள். இத்தனை வருஷம் அந்த வளைவோடு வாழ்ந்து, ஒவ்வொரு ஓடும் ஒவ்வொரு மூட்டும் அதற்குத் தகுந்தபடி உட்கார்ந்துவிட்டன. வலுக்கட்டாயமாக நிமிர்த்தினால் ஓடு உடையும், மூட்டு பிரியும். நாம் அளக்க ஆரம்பித்த அன்றைக்கு ஒன்பது பொத்தான் இருந்தது. அந்த ஒன்பதுக்குத் திரும்பினால் போதும். நாளுக்குக் கொஞ்சமாக, ஒரு பொத்தானுக்கு மேல் வேண்டாம். தெருமுனையிலிருந்து பார்த்தால் குதிரை முதுகு அப்படியேதான் தெரியும். தெரியட்டும். நகராமல் இருந்தால் சரி.

இதற்குமேல் என் ஆபீஸ் தாளில் ஒரு வரி எழுதச் சொன்னால் எழுதுவேன்: காரணம் நீங்கியபின் இந்தக் கூரையை இடிக்கத் தேவையில்லை. அம்மாவுக்கு அனுப்பியும் விட்டேன். "பேப்பர்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். கூரையைத் தூக்க ஜாக்கி இருக்கிறது. அவள் பயத்தைத் தூக்க என்னிடம் எதுவும் இல்லை, மாமா. அங்கே என்ன நடக்கிறது?

மருமகள்


ஜூன் 27

என் மருமகளுக்கு,

தாமதத்துக்கு மன்னிப்பு. குழாய் வெளியே போய்விட்டது. கான்கிரீட் இறுகிவிட்டது. போட்ட அளவைப் பார்த்தால் அதன்மேல் யானை ஒன்றைத் தூணுக்குப் பதிலாக நிறுத்தலாம். தீனி கட்டுப்படியாகாது என்று தூணையே நிறுத்தினோம்.

தூக்கும் வைபவத்துக்குத் தெரு முழுவதும் வந்திருந்தது. இஸ்திரிக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். தபாலாபீஸ் அம்மாவும் வந்தார். அவர் கவுனைப் பிரித்து, சமமான தரையில் புள்ளி வைத்து மறுபடி தைத்துக் கொடுத்துவிட்டேன். "இப்ப என் இடுப்பு நேராயிடுச்சா" என்று நாலு பேர் நடுவில் கேட்டார். வாங்கிக்கொண்டேன்.

கொத்தனார் ஜாக்கியின் பிடியை ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று. உத்திரம் முனகியது. நான் பொத்தான் அடுக்கோடு ஏணியில். ஏழு. அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் காலை இன்னும் கொஞ்சம் தூக்கும்போதுதான், தூணை ஒட்டி நான் நிறுத்தியிருந்தேனே, அந்தச் சாட்சிக் குச்சி, முந்தின நாளே லேசாகத் தளர்ந்த தலை முழுக்க விடுபட்டு ஒருமுறை ஆடி, நெடுஞ்சாண்கிடையாகக் கீழே விழுந்தது. குழி தோண்டியபோது நகர்த்தி, திரும்ப அதே இடத்துக்குப் பக்கத்தில் பிடிவாதமாக நான் நிறுத்தியது. இரண்டு மாதம் அது விழக் கூடாது என்று காலையில் முதல் வேலையாகப் பார்த்தவன், அது விழுந்ததும் கைதட்டினேன். மூன்றாம் நாள் ஒன்பது பொத்தான். பத்தாவது நுழையவில்லை. கொத்தனார், "இன்னும் ஒரு சுத்து விட்டா நேராயிடும் சார்" என்று கெஞ்சினார். உன் பெயரைச் சொல்லி மிரட்டினேன்.

இத்தனைக்கும் உன் அம்மா வாசலிலேயேதான் இருந்தாள். சாப்பாடு அங்கே, டீ அங்கே, கொத்தனாருக்குத் திட்டு அங்கிருந்தே. இரவு படுக்கை மட்டும் வாசல் அறையில். நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்டால் தாள் வெளியே வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். நான் பயந்தேன் என்பதை வேறு யாரிடமும் சொல்லாதே.

நேற்று மத்தியானம் மழை வந்தது. முதல் மழையே வானத்தைக் கிழித்துக் கவிழ்த்த மாதிரி. நான் ஏணியில் ஏறிப் பொத்தான் அடுக்கைப் பிடித்தேன். ஒன்பது. அரைமணி கழித்து மறுபடி ஏறினேன். ஒன்பது. நான் இறங்கும்போது பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம்.

"வாசல்ல சாரல் அடிக்குது" என்றாள்.

சாரல் அடித்தது உண்மைதான். ஆனால் சாரல் படாத இடம் அந்த வீட்டில் எத்தனையோ இருக்கிறது. அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு நேராகத் தூணுக்குப் பக்கத்தில் வந்தாள். உத்திரத்துக்கு நேர் கீழே போட்டாள். ஒருமுறை மேலே பார்த்தாள். உட்கார்ந்தாள். நான் போய் டீ போட்டேன், போட்டதை மறந்து சர்க்கரை இரண்டு முறை போட்டுவிட்டேன். அவள் அதையும் குடித்தாள்.

இவ்வளவு நாள் என் கடிதங்களில் நீ எதை எவ்வளவு குறைத்துப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். இந்த ஒன்றைக் குறைக்காமல் படி. டீ பாதி குடித்த பிறகு, மடியில் இருந்த கைப்பையை எடுத்து, தூணில் நான் கத்தரிக்கோல் மாட்டும் ஆணியில் மாட்டினாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

மாமா